வாசகர் கேள்வி பதில்: இந்த ரூல் எங்கேர்ந்து வந்துச்சு?

இந்தத் தடவ வந்த கேள்விகள்ல நிறைய ஒரே விஷயத்த சுத்திதான் இருந்துச்சு. சாஃப்ட்வேர்ல ஒரு கண்டிஷன் இருக்கு, அத யார் கேட்டாங்க, எதுக்குக் கேட்டாங்கன்னு யாருக்கும் தெரியல, பழைய டாக்குமென்ட்ட வெச்சு அத எப்படி கண்டுபிடிக்கிறது. அதனால மத்தத அடுத்த இதழுக்கு வெச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: சார், நான் கோயம்புத்தூர்ல ஒரு சின்ன பில்லிங் சாஃப்ட்வேர் கம்பெனில டெவலப்பரா இருக்கேன். எங்க சாஃப்ட்வேர்ல இன்வாய்ஸ் நம்பர் 16 எழுத்த தாண்டினா சேவ் ஆகாது. இப்ப ஒரு கஸ்டமர் கிளை பேரு, மாசம், சேல்ஸ்மேன் கோட் எல்லாம் சேர்த்து நீளமா நம்பர் வேணும்ங்கறாங்க. ஏன் 16னு டீம்ல யாருக்கும் தெரியல, எழுதினவரு வேலைய விட்டுப் போயிட்டாரு, எஸ்ஆர்எஸ்ல (சாஃப்ட்வேர் என்னென்ன செய்யணும்னு எழுதி வெச்ச டாக்குமென்ட்) "இன்வாய்ஸ் நம்பர் அதிகபட்சம் 16 எழுத்து"ன்னு ஒத்த வரி இருக்கு, அவ்ளோதான். டேட்டாபேஸ்ல ஃபீல்டு சைஸ ஏத்திட்டு அந்த செக்க தூக்கிடலாம்னு சீனியர் சொல்றாரு. தூக்கிடலாமா?

பதில்: தூக்காதீங்க தம்பி. அது உங்க கம்பெனி போட்ட ரூலே இல்ல. மத்திய ஜிஎஸ்டி விதிகள்ல 46வது விதி, டேக்ஸ் இன்வாய்ஸ்ல என்னென்ன இருக்கணும்னு சொல்ற விதி, அதுல இருக்கு: வரிசையா போற நம்பரா இருக்கணும், 16 எழுத்த தாண்டக்கூடாது, எழுத்து, எண், ஹைஃபன், ஸ்லாஷ் இதுக்கு மேல எதுவும் வரக்கூடாது, ஒரு நிதியாண்டுக்குள்ள அதே நம்பர் திரும்பி வரக்கூடாது. சீனியர் சொன்ன மாதிரி பண்ணியிருந்தா உங்க சாஃப்ட்வேர்ல பில்லு நல்லாவே சேவ் ஆகியிருக்கும், கஸ்டமர் ரிட்டர்ன் போடற அன்னிக்குதான் விஷயம் வெளில வந்திருக்கும்.

அதே விதி ஒரு வழியும் விட்டிருக்கு, ஒரே சீரிஸ்தான் இருக்கணும்னு இல்ல, கிளைக்கு ஒண்ணுன்னு பல சீரிஸ் வெச்சுக்கலாம். மூணு எழுத்துல கிளை கோட், ஒரு ஸ்லாஷ், 25-26னு வருஷத்துக்கு அஞ்சு, இன்னொரு ஸ்லாஷ், ஆறு இலக்கத்துல நம்பர், கூட்டிப் பாருங்க சரியா 16 வரும். சேல்ஸ்மேன் கோட வேற ஃபீல்டுல வெச்சு பிரிண்ட்ல மட்டும் காட்டுங்க. கஸ்டமர்கிட்ட "சிஸ்டம் ஒத்துக்காது"ன்னு சொல்றதுக்கும், "46வது விதி இப்படி சொல்லுது, அதுக்குள்ள உங்களுக்கு இப்படி பண்ணித் தரலாம்"னு சொல்றதுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு நீங்களே பாருங்க, சோர்ஸ் தெரிஞ்சா கிடைக்கிற முதல் லாபமே அதுதான்.

சரி, இது எனக்குத் தெரிஞ்ச விதி அதனால உடனே சொல்லிட்டேன், தெரியாத ஒண்ணா இருந்தா எப்படித் தேடியிருப்பேன்னும் சொல்லணும்ல. எஸ்ஆர்எஸ்ல ஆரம்பிக்க மாட்டேன், ஏன்னா எஸ்ஆர்எஸ்ல முடிவு மட்டும்தான் இருக்கும், அதுக்கு முன்னாடி நடந்த பேச்சு எதுவும் இருக்காது. கோட்லேர்ந்து பின்னாடி போவேன். கிட்ல (கோட்ல செஞ்ச ஒவ்வொரு மாத்தத்தயும் பதிஞ்சு வெக்கிற டூல்) அந்த 16ங்கற வரி முதல் தடவ எந்த கமிட்ல, அதாவது எந்தப் பதிவுல, வந்துச்சுன்னு தேடுங்க. அதுல பிளேம்ங்கற கமாண்ட மட்டும் பார்த்தா கடைசியா அந்த வரிய தொட்டவரு பேருதான் வரும், அவரு ஸ்பேஸ் சரி பண்ணவரா இருப்பாரு, அதனால லாக்ல, அதாவது கமிட் பட்டியல்ல, அந்த எழுத்த குடுத்துத் தேடற ஆப்ஷன யூஸ் பண்ணுங்க. கமிட் மெசேஜ்ல டிக்கெட் நம்பர் (என்ன வேலை செய்யணும்னு பதிஞ்சு வெச்ச குறிப்போட நம்பர்) இருந்தா அதப் பிடிச்சு டிக்கெட்டுக்குப் போங்க, டிக்கெட்ல தலைப்ப விட அட்டாச்மென்ட்டும் கமென்ட்டும் முக்கியம். டிக்கெட் நம்பர் இல்லேன்னாலும் தேதி இருக்கும்ல, அதுவே பெரிய துப்பு. அந்த கமிட் 2017 ஜூன்ல இருக்குன்னு வைங்க, 2017 ஜூலை 1ல ஜிஎஸ்டி வந்துச்சு, அப்ப அந்த மாசம் மாத்தின எல்லாத்தையும் சட்டத்தோட சேர்த்துதான் முதல்ல சந்தேகப்படணும். அந்தத் தேதிய ஒட்டி ரெண்டு வாரத்துக்கு முன்னாடி பின்னாடி வந்த மெயில், மீட்டிங் மினிட்ஸ், ஆடிட்டர்கிட்டேர்ந்து வந்த சர்குலர் எல்லாத்தையும் பாருங்க.

இன்னொண்ணு. அதே ஃபீல்டுல "முதல் எழுத்து பூஜ்யமா இருக்கக்கூடாது"ன்னும் ஒரு செக் உங்க கோட்ல இருக்கலாம். அத 46வது விதில தேடினா கிடைக்காது, அது இ-இன்வாய்ஸ் போர்ட்டலோட (பில்ல ஆன்லைன்ல அரசுகிட்ட பதிவு பண்ற தளம்) ஸ்கீமாலேர்ந்து, அதாவது டேட்டா எந்த வடிவத்துல வரணும்ங்கற வரையறைலேர்ந்து, வர்றது. ஒரே ஃபீல்டு, பக்கத்து பக்கத்துல ரெண்டு செக், ஆனா ஒண்ணு சட்டத்துலேர்ந்து வந்தது, இன்னொண்ணு வேற சிஸ்டத்தோட பேசறதுக்காக வந்தது. ரெண்டையும் "ஜிஎஸ்டி செக்"னு ஒரே கமென்ட்ல போட்டு வெச்சா, நாளைக்கு போர்ட்டல் ஸ்கீமா மாறும்போது எத மாத்தணும் எத தொடக்கூடாதுன்னு மறுபடி முதல்லேர்ந்து தேடணும்.

கேள்வி: எங்க டீம்ல ட்ரேசபிலிட்டி மேட்ரிக்ஸ (ஒவ்வொரு ரூலும் எங்கேர்ந்து வந்து எங்க போச்சுன்னு காட்டற அட்டவணை) எக்ஸெல்ல ஒழுங்கா மெயின்டெயின் பண்றோம், சோர்ஸ்னு ஒரு கட்டமும் இருக்கு. ஆனா ஆடிட் வந்தவங்க அது போதாதுன்னுட்டாங்க. இதுக்கு மேல என்ன வேணும்? (வாசகி, சென்னை)

பதில்: அந்த சோர்ஸ் கட்டத்துல என்ன போட்டிருக்கீங்கன்னு நீங்க எழுதல, ஆனா நான் பார்த்த முக்கால்வாசி ஷீட்ல அங்க "கிளையன்ட்"னு இருக்கும், இல்லேன்னா "பிஆர்டி 3.2"ன்னு, அதாவது பிசினஸ் தேவைய எழுதின டாக்குமென்ட்ல ஒரு பகுதி நம்பர், இருக்கும். ரெண்டுமே சோர்ஸ் இல்லைங்க. கிளையன்ட்ல யாரு, அக்கவுண்ட்ஸ் மேனேஜரா, குடோன்ல சரக்கு இறக்கறவரா, அவங்களோட ஐடி ஆளா? என்னிக்கு, எந்த மீட்டிங்ல, என்ன பிரச்சனை வந்ததால கேட்டாங்க? பிஆர்டி 3.2ங்கறது அந்த வரி இப்ப எங்க குடியிருக்குன்னுதான் சொல்லுது, பிறந்த இடத்த சொல்லல.

இதப் பத்தி 1994லயே கோட்டல், ஃபிங்கல்ஸ்டைன்னு ரெண்டு பேரு ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினாங்க, இன்னிக்கும் இந்தத் துறைல எல்லாரும் எடுத்துக்காட்டறது அததான். ட்ரேஸ் பண்றத அவங்க ரெண்டாப் பிரிச்சாங்க, ஸ்பெக்ல, அதாவது எஸ்ஆர்எஸ் மாதிரி டாக்குமென்ட்ல, ஏறினதுக்கு அப்புறம் டிசைன், கோட், டெஸ்ட்னு முன்னாடி போறது ஒண்ணு, ஸ்பெக்ல ஏறதுக்கு முன்னாடி அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு பின்னாடி போறது இன்னொண்ணு. டூல் எல்லாம் முதல் வகைக்குத்தான் நல்லா உதவுது, ஜனங்க நிஜமா அவதிப்படறது ரெண்டாவதுல. உங்க மேட்ரிக்ஸும் முதல் வகைன்னுதான் நினைக்கிறேன்.

அந்தக் கட்டத்த மூணாப் பிரிங்க: கேட்டவர் யாரு, அவரோட பொறுப்பு என்ன. ஏன் கேட்டாரு, ஒரு முழு வாக்கியத்துல. எதப் பார்த்து எழுதினோம், டாக்குமென்ட் பேரு, வெர்ஷன், தேதியோட. இதுல தேதிய மட்டும் விட்டுடாதீங்க, ஏன்னா சோர்ஸே மாறும். இ-வே பில் (சரக்கு கொண்டு போக எடுக்கிற ஆன்லைன் சீட்டு, 138வது விதில வர்றது) எத்தனை நாள் செல்லும்ங்கற கணக்கு முதல்ல 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள்னு இருந்துச்சு, 2021 ஜனவரி 1லேர்ந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்னு ஆச்சு. உங்க ஷீட்ல "138வது விதி"ன்னு மட்டும் இருந்தா உங்க கணக்கு எந்தக் காலத்து 138வது விதின்னு எப்படித் தெரியும்? இ-இன்வாய்ஸும் அப்படித்தான், 2020 அக்டோபர்ல 500 கோடி டர்ன்ஓவருக்கு மேல இருக்கறவங்களுக்குன்னு ஆரம்பிச்சு, படிப்படியா இறங்கி 2023 ஆகஸ்ட்ல 5 கோடிக்கு வந்துச்சு, ஒவ்வொரு தடவையும் கோட்ல எங்கயோ ஒரு நம்பர் மாத்தியிருப்பாங்க, தேதி எழுதி வெச்சவங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலை, மத்தவங்களுக்கு ஒரு வாரம்.

கேள்வி: ஐயா, ஒரு பழைய சிஸ்டத்த புது பிளாட்ஃபார்முக்கு மாத்தற ப்ராஜெக்ட்ல இருக்கேன். பழசுல ஏன் இருக்குன்னே தெரியாத நூத்துக்கணக்கான ரூல் இருக்கு. எங்க மேனேஜர் "ஏன்னு தெரியலன்னா அப்படியே தூக்கி புதுசுல போடு, ஓடிக்கிட்டு இருக்கறதுல கைய வெக்காத"ங்கறாரு. பாதுகாப்பான வழி அதுதானே? (வாசகர், திருச்சி)

பதில்: காரணம் தெரியாம ஒண்ண எடுக்கறது தப்புன்னு எல்லாருக்கும் தெரியும். காரணம் தெரியாம ஒண்ண வெச்சுக்கறதும் அதே அளவுக்கு தப்புன்னு பல பேருக்குத் தெரியறதில்ல, அதனால இதுக்குக் கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன்.

1996 ஜூன் 4. பிரெஞ்ச் கயானால கூரூ ஏவுதளத்துலேர்ந்து ஐரோப்பாவோட ஏரியான் 5 ராக்கெட் முதல் தடவ கிளம்புது, உள்ள கிளஸ்டர்ங்கற பேர்ல நாலு ஆராய்ச்சி சாட்டிலைட். ஏவற வரிசை ஆரம்பிச்சு 40 செகண்டு கூட முழுசா ஓடல, சுமார் 3,700 மீட்டர் உயரத்துல ராக்கெட் தடால்னு திரும்பி உடைஞ்சு வெடிச்சிருச்சு. ஜாக் லூயி லியோன்ஸ்ங்கற கணித அறிஞர் தலைமைல ஒரு குழு போட்டாங்க, ஜூலை 19ல ரிப்போர்ட் வந்துருச்சு. பல பேருக்கு இதுல தெரிஞ்சது "64 பிட் நம்பர 16 பிட்ல திணிச்சாங்க, கொள்ளல, ப்ரோக்ராம் நின்னுருச்சு"ங்கறது மட்டும்தான். அது நிஜம்தான், ஆனா ரிப்போர்ட்ட முழுசாப் படிச்சா அத விட முக்கியமான கதை ஒண்ணு இருக்கு, அது ஒரு ரிக்வயர்மென்ட்டோட, அதாவது சிஸ்டம் இப்படி செய்யணும்னு கேட்ட ஒரு தேவையோட, கதை.

அந்த நம்பரக் கணக்கு போட்டுக்கிட்டு இருந்தது ராக்கெட்டோட திசையயும் வேகத்தயும் சொல்ற இனர்ஷியல் சிஸ்டத்துல அலைன்மென்ட்னு, கிளம்பறதுக்கு முன்னாடி அந்தக் கருவிய சரி பண்ணி வெக்கிற ஒரு பகுதி. ராக்கெட் தரைல நிக்கும்போது மட்டும்தான் அதுக்கு வேலை, பறக்க ஆரம்பிச்சப்புறம் அது சொல்ற கணக்குக்கு அர்த்தமே கிடையாது. அப்புறம் ஏன் பறக்கும்போது ஓடிச்சு? ஃப்ளைட் மோட் (அந்தக் கருவி பறக்கறதுக்கான நிலைக்கு மாறறது) ஆரம்பிச்சு 50 செகண்டு வரைக்கும் அது ஓடணும்னு ஒரு ரிக்வயர்மென்ட் இருந்துச்சு, அதனாலதான். அந்த ரிக்வயர்மென்ட் எங்கேர்ந்து வந்துச்சு? பத்து வருஷத்துக்கும் முன்னாடி, பழைய ஏரியான் ராக்கெட்டுகளுக்காக வந்தது. ஏரியான் 4ல கவுன்ட்டவுன் மைனஸ் 9 செகண்டுல ஃப்ளைட் மோடுக்குப் போயிடும், மைனஸ் 5க்கு முன்னாடி ஏதாவது காரணத்துக்காக நிறுத்த வேண்டி வந்தா, மறுபடி அலைன்மென்ட் பண்ண 45 நிமிஷத்துக்கு மேல ஆகும், அதுக்குள்ள ஏவற நேரம் கடந்து போயிடலாம். அதுக்காக அந்தப் பகுதிய நிறுத்தாம கொஞ்ச நேரம் ஓட விட்டாங்க, தரைல இருக்கிற கருவிங்க கட்டுப்பாட்ட திரும்ப எடுத்துக்க ஆகிற நேரம்தான் அந்த 50 செகண்டு. எவ்ளோ நல்ல காரணம் பாருங்க. 1989ல ஒரே ஒரு தடவ, 33வது ஃப்ளைட்ல, அது நிஜமாவே உபயோகப்பட்டும் இருக்கு.

ஏரியான் 5க்கு கிளம்பற முறையே வேற, இந்தத் தேவையே அதுக்குக் கிடையாது. ஏரியான் 4ல நல்லா ஓடின சாஃப்ட்வேர்ல கைய வெக்க வேண்டாம்னு விட்டிருப்பாங்கன்னுதான் ரிப்போர்ட்டே சொல்லுது, கிட்டத்தட்ட உங்க மேனேஜர் சொன்ன வார்த்தை. ஏரியான் 5 ஆரம்பத்துலயே பக்கவாட்டுல ரொம்ப வேகமா போற ராக்கெட், அந்த வேகத்த ஒட்டின நம்பர் எதிர்பார்த்தத விட பெருசாச்சு, 16 பிட்ல அடங்கல.

டாக்குமென்ட் விஷயத்துக்கு வர்றேன். இப்படி நம்பர மாத்தற இடத்துல ஆபத்தான வேரியபிள் ஏழு இருந்துச்சு, நாலுக்குப் பாதுகாப்பு போட்டாங்க, மூணுக்குப் போடல, ஏன்னா கம்ப்யூட்டரோட லோடு 80 சதவீதத்த தாண்டக்கூடாதுன்னு ஒரு இலக்கு வெச்சிருந்தாங்க. மூணுக்கு ஏன் தேவையில்லன்னு அப்பவே ஆராய்ஞ்சு, பல மட்டத்துல சேர்ந்து பேசிதான் முடிவும் எடுத்தாங்க, யாரும் அசட்டையா விட்டது இல்ல. ஆனா அந்தக் காரணம் சோர்ஸ் கோட்ல நேரடியா எங்கயும் இல்ல, மலை மாதிரி டாக்குமென்ட்டுகளுக்கு நடுவுல அது புதைஞ்சு போய், வெளிலேர்ந்து வந்து சரிபார்க்கறவங்க கண்ணுக்குத் தெரியாமலே போச்சு. அதே மாதிரி "எக்ஸெப்ஷன் (ப்ரோக்ராம் ஓடும்போது வர்ற எதிர்பாராத தப்பு) வந்தா ப்ராசஸர நிறுத்திடு"ன்னு ஒரு ரிக்வயர்மென்ட், சப்ளையர் ஸ்பெக்ல இருந்தத அப்படியே செஞ்சிருக்காரு. அதுக்குப் பின்னாடி இருந்த எண்ணம், பழுதுன்னு ஒண்ணு வந்தா அது ஹார்ட்வேர்லதான் வரும், ஒண்ணு போனா ஸ்பேர் பார்த்துக்கும்ங்கறது. இங்க ஸ்பேர்லயும் அதே சாஃப்ட்வேர், 72 மில்லி செகண்டு முன்னாடியே அதுவும் அதே காரணத்துக்காக நின்னு போயிருந்துச்சு. காரணத்த பக்கத்துலயே எழுதியிருந்தா "இந்த எண்ணம் சாஃப்ட்வேர் தப்புக்கும் பொருந்துமா"ன்னு யாராவது ஒருத்தர் கேட்டிருக்க வாய்ப்பு இருந்துச்சு, எனக்கு இந்த ரிப்போர்ட்ல ரொம்ப வலிக்கிற இடம் இதுதான். குழு குடுத்த சிபாரிசுகள்ல ஒண்ணு, காரணத்த சொல்ற டாக்குமென்ட்டுக்கு கோடுக்குக் குடுக்கிற அதே கவனத்தக் குடுங்கன்னு.

உங்க ப்ராஜெக்ட்டுக்கு வருவோம். நூத்துக்கணக்குல இருக்கிற எல்லாத்தயும் தோண்ட முடியாது, தோண்டவும் வேண்டாம். பணம், வரி, ஆள் பாதுகாப்பு, வேற சிஸ்டத்தோட பேசறது, இந்த நாலையும் தொடற ரூல மட்டும் முதல்ல எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் இது எந்த நிலைமைக்காக வந்துச்சு, அந்த நிலைமை புது சிஸ்டத்துல இருக்கான்னு ரெண்டு கேள்வி கேளுங்க. பதில் கிடைக்காதத "காரணம் தெரியல, பழைய சிஸ்டத்துலேர்ந்து வந்தது"ன்னு தெளிவா எழுதி, பேரு போட்டு, கிளையன்ட்ல பொறுப்புள்ள ஒருத்தர்கிட்ட கையெழுத்து வாங்குங்க. சத்தமில்லாம தூக்கி புதுசுல போடறதுக்கு மட்டும் ஒத்துக்காதீங்க.

கேள்வி: மினிட்ஸ்ல ஒண்ணு, சைன்-ஆஃப் ஆன (கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்ட) ஸ்பெக்ல ஒண்ணு, அதுக்கப்புறம் வந்த மெயில்ல ஒண்ணுன்னு இருந்தா எத எடுத்துக்கறது? (வாசகர், மதுரை)

பதில்: எது பிணைக்கும்னு கேட்டா சைன்-ஆஃப் ஆன ஸ்பெக், அதுக்கப்புறம் முறையா ஒத்துக்கிட்ட சேஞ்ச் ரிக்வெஸ்ட் (ஸ்பெக்க மாத்தச் சொல்ற கோரிக்கை) இருந்தா அது. மெயில் தனியா நின்னா பத்தாது, மெயில் அனுப்பினவருக்கு மாத்தற அதிகாரம் இருந்துச்சான்னு பார்க்கணும். ஆனா எது காரணத்த சொல்லும்னு கேட்டா மினிட்ஸ்தான், அதுலயும் திருத்தி அனுப்பின ஃபைனல் மினிட்ஸ விட முதல் டிராஃப்ட், ஏன்னா யார் எதுக்கு ஆட்சேபம் சொன்னாங்கங்கறது அதுல இருக்கும். மூணையும் தேதி வாரியா ஒரே பக்கத்துல வரிசையா எழுதிப் பாருங்க, முரண்பாடுன்னு நினைச்சது பாதி நேரம் நடுவுல எடுத்த ஒரு முடிவா இருக்கும்.

டாக்குமென்ட் சரியா இருந்து வேலை அதன்படி நடக்காம போறதும் உண்டு. 1999 செப்டம்பர்ல நாசா செவ்வாய்க்கு அனுப்பின மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைஞ்சு போச்சே, அதுல த்ரஸ்டர்ங்கற சின்ன எஞ்சின்க எவ்ளோ தள்ளுச்சுங்கற டேட்டா மெட்ரிக்ல, நியூட்டன்-செகண்டுல வரணும்னு இன்டர்ஃபேஸ் ஸ்பெக்ல இருந்துச்சு, தரைல இருந்த சாஃப்ட்வேர் பவுண்டு கணக்குல குடுத்துச்சு, 4.45 மடங்கு வித்தியாசம். அதனால ஸ்பெக்ல கண்டுபிடிச்சதோட நிறுத்தாம, அந்த வரிக்கு டெஸ்ட் கேஸ் இருக்கான்னும் ஒரு எட்டு போய்ப் பார்த்துடுங்க.

கேள்வி: எங்ககிட்ட டாக்குமென்ட்டே கிடையாது சார். ஓனர் வாட்ஸ்அப்ல சொல்வாரு, நாங்க பண்ணுவோம். இதுல எத வெச்சு ட்ரேஸ் பண்றது? (வாசகர், ஈரோடு)

பதில்: அந்த வாட்ஸ்அப் சாட்தான் உங்க டாக்குமென்ட். இன்னிக்கே எக்ஸ்போர்ட் பண்ணி ஆபீஸ் டிரைவ்ல போடுங்க, ஒருத்தர் ஃபோன் மாத்தினா கம்பெனியோட நினைவே போயிடும். வாய்ஸ் நோட்ட ரெண்டு வரில டைப் பண்ணி வெச்சுடுங்க, அதுல எதையும் தேட முடியாது.

அப்புறம் டேட்டாவயே பாருங்க. ஒரு ஃபீல்டு எந்தத் தேதிலேர்ந்து வேற மாதிரி நிரம்புதுன்னு டேபிள்ல தேதி வாரியா பார்த்தாலே ரூல் வந்த நாள் தெரியும். உதாரணத்துக்கு, ரொக்க ரசீது எல்லாம் 2017 ஏப்ரல்லேர்ந்து 2 லட்சத்துக்குக் கீழயே நிக்குதுன்னா, அந்த மாசம்தான் வருமான வரிச் சட்டத்துல 2 லட்சம் இல்லேன்னா அதுக்கு மேல ரொக்கமா வாங்கக்கூடாதுங்கற 269எஸ்டி பிரிவு வந்துச்சு, இத ஆடிட்டர்கிட்ட கேட்டா ஒரே ஃபோன்ல உறுதியாயிடும்.

ஆளுங்ககிட்ட கேக்கும்போது "ஏன் இப்படி வெச்சீங்க"ன்னு கேக்காதீங்க, குத்தம் சொல்ற மாதிரி கேட்டா யாரா இருந்தாலும் இன்னிக்கு யோசிச்ச ஒரு நல்ல காரணத்ததான் சொல்வாங்க. "அன்னிக்கு என்ன பிரச்சனை வந்துச்சு, எந்த கஸ்டமர் ஃபோன் பண்ணாங்க"ன்னு கேளுங்க, நடந்தது ஞாபகம் வரும். சொன்னத அன்னிக்கே எழுதி அவருக்கே அனுப்பி "நான் புரிஞ்சுக்கிட்டது சரியாண்ணே"ன்னு ஒரு வரி வாங்கிக்குங்க.

கேள்வி: பழைய டாக்குமென்ட் எல்லாத்தையும் ஏஐ கிட்ட குடுத்து "இந்த ரூல் ஏன் வந்துச்சு"ன்னு கேட்டா போதாதா? (வாசகி, சேலம்)

பதில்: தேடறதுக்கு குடுங்கம்மா, நாலாயிரம் பக்கத்துல எங்க இருக்குன்னு காட்டறதுக்கு நல்லா உதவும். கிளையன்ட் டாக்குமென்ட்ட வெளி சர்வீஸ்ல ஏத்த ஒப்பந்தம் இடம் குடுக்குதான்னு மட்டும் முன்னாடியே பார்த்துக்குங்க. "ஏன்"னு கேக்கும்போது ஜாக்கிரதை, டாக்குமென்ட்ல காரணம் இல்லேன்னாலும் நம்பற மாதிரி ஒண்ண சொல்லிடும். முதல் கேள்வில வந்த 16 எழுத்துக்கு "டேட்டாபேஸ் ஃபீல்டு சைஸ் காரணமா இருக்கலாம்"னு சொல்ல எவ்ளோ வாய்ப்பு இருக்கு, கேக்கவும் சரின்னுதான் படும். அதனால "எந்த ஃபைல், எந்தப் பக்கம், என்ன தேதி, அந்த வரிய அப்படியே குடு, இல்லேன்னா இல்லன்னு சொல்லு"ன்னு கேளுங்க, குடுத்ததும் அந்தப் பக்கத்த நீங்களே திறந்து பார்த்துட்டு அப்புறமா ஷீட்ல ஏத்துங்க.